அந்த இரண்டு பக்கங்களைத் திருத்துங்கள், நீக்காதீர்கள்

உயர்தர உயிரியல் தமிழ்மூலத் துணைக்கையேட்டின் ஆசிரியர் குழுவினருக்கு,

கடந்த மாதம் உங்களிடமிருந்து எனக்கு வந்த பதில் மூன்றே வரி. "மூளையும் செயற்கை நரம்பு வலையமைப்பும்" என்ற பகுதி மாணவரைக் குழப்புவதாக முறைப்பாடு கிடைத்ததால் 64ஆம், 65ஆம் பக்கங்கள் அடுத்த பதிப்பிலிருந்து நீக்கப்படும் என்பது முதல் வரி. (செயற்கை நரம்பு வலையமைப்பு என்பது, மூளையின் நரம்புக்கலங்களைப் பார்த்து வடிவமைத்த, உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி நிரல்.) முன்னோடிப் பரீட்சையின் புள்ளிகளில் மாற்றம் செய்ய முடியாது என்பது இரண்டாவது. மூன்றாவது வரி நன்றி.

அந்த முறைப்பாட்டை எழுதியவள் நான். பக்கங்களை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கே பிழை இருக்கிறது, அதை எப்படித் திருத்தலாம் என்று நான்கு தாள் எழுதி அனுப்பினேன். நீங்கள் பிழையோடு சேர்த்துப் பாடத்தையும் தூக்கி எறிந்துவிட்டீர்கள். அந்தப் பிழையால் புள்ளி இழந்த பிள்ளைக்கு எதுவும் செய்யவில்லை. தனிப்பட எழுதியதற்கு இதுதான் பலன் என்பதால் இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது. வினா இப்படி: "செயற்கை நரம்பு வலையமைப்பு மூளையின் சிறந்த மாதிரியாகும். விளக்குக." பத்துப் புள்ளி. உங்கள் புள்ளித்திட்டத்தில் ஐந்து ஒற்றுமைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. வேற்றுமை என்ற சொல்லே அதில் இல்லை. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை இரண்டு ஒற்றுமைகளை ஒழுங்காக எழுதிவிட்டு, மூன்றாவது பந்தியை "ஆனால்" என்று தொடங்கியிருக்கிறாள். அந்த "ஆனால்" தொடங்கிய இடத்திலிருந்து தாளின் அடிவரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பேனா அழுத்திய அழுத்தத்தில் மறுபக்கத்திலும் தடம் தெரிகிறது. ஓரத்தில் "வினாவுக்குப் பொருத்தமற்றது" என்று குறிப்பு. நான்கு புள்ளி.

அந்தப் பந்தியில் அவள் எழுதியது தன் மூன்று வயதுத் தம்பியைப் பற்றி. வெள்ளவத்தைச் சந்தையில் அவன் முதன்முதலாக ஒரு றம்புட்டானைக் கையில் வாங்கிப் பார்த்தானாம். சிவப்புப் பழம். அடுத்த நாள் காலி வீதியில் பஸ்ஸுக்குள் இருந்தபடி தள்ளுவண்டியில் மஞ்சள் றம்புட்டானைக் கண்டுவிட்டு, "அதுவும் றம்புட்டான்" என்றானாம். ஒரு வலையமைப்புக்கு இதைக் கற்பிக்க ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும், என் தம்பிக்கு ஒரு பழம் போதுமாக இருந்தது, ஆகவே இரண்டும் கற்கும் விதம் ஒன்றல்ல என்று முடித்திருக்கிறாள்.

பத்தொன்பது வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். கையேட்டில் இல்லாத ஒன்றைத் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்து, ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்கும் பிள்ளை எனக்கு வருடத்துக்கு ஒருத்தி கிடைத்தால் பெரிய காரியம். அவளுடைய வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. அந்தத் தம்பி வெறுந்தலையோடு சந்தைக்குப் போகவில்லை. மூன்று வருடமாக விழித்திருந்த நேரமெல்லாம் உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு போனான். ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களில் பழகிய வலையமைப்பும் புதிய பொருள் ஒன்றைச் சில படங்களிலேயே பிடித்துக்கொள்ளும். சரி, அப்படியானால் அந்த மூன்று வருடத்தில் குழந்தை கண்டதும் வலையமைப்புக்குக் காட்டியதும் ஒன்றா? குழந்தைக்கு யார் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தார்கள்? இப்படி அவளோடு அரை மணித்தியாலம் பேசியிருக்கலாம். சிவப்புக் கோடு போட்ட பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரீச்சர், அடுத்த முறை ஆனால் போடாமல் எழுதவா?"

இனி அந்தப் பக்கங்கள். 64ஆம் பக்கத்தில் இடப்புறம் ஒரு நரம்புக்கலம், வலப்புறம் அம்புக்குறிகள் வந்து சேரும் ஒரு வட்டம். கீழே, "நரம்புக்கலம் ஒரு சுவிட்ச். வரும் உள்ளீடுகளைக் கூட்டி, எல்லையைத் தாண்டினால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம்." இந்த வட்டத்தை 1943இல் வாரன் மக்கலக்கும் வோல்டர் பிட்ஸும் வரைந்தார்கள். நரம்புக்கலத்தை இந்த அளவுக்கு எளிமையாக்கினாலும் அவற்றைக் கோத்துத் தர்க்கக் கணிப்புகளைச் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்காக வரைந்தார்கள். முடியும் என்று காட்டினார்கள். அது பெரிய சாதனை. நீங்களோ அந்த எளிமையாக்கலை எடுத்து, நரம்புக்கலம் என்றாலே இதுதான் என்று அச்சடித்துவிட்டீர்கள்.

உண்மையான கலம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. 2021இல் ஜெருசலேமிலுள்ள ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலி மூளையின் வெளிப்பகுதியான மூளையப் புறணியிலுள்ள ஒரு நரம்புக்கலத்தின் நுணுக்கமான கணினி உருவகத்தை எடுத்துக்கொண்டு, அதன் நடத்தையை மில்லி செக்கன் துல்லியத்தில் அப்படியே பின்பற்ற எவ்வளவு பெரிய செயற்கை வலையமைப்பு தேவை என்று பார்த்தார்கள். இப்படிப்பட்ட வட்டங்கள் ஐந்திலிருந்து எட்டு அடுக்கு தேவைப்பட்டன. ஒரேயொரு கலத்துக்கு! கலத்தின் கிளைகளான டென்ட்ரைட்டுகளே தம்மளவில் கணக்குப் போடுகின்றன என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். உங்கள் வட்டத்துக்குள் அந்தக் கிளைகள் எதுவும் இல்லை. அதே பக்கத்தின் இடப்புறப் படத்தில் மட்டும் அவற்றை அழகாக வரைந்திருக்கிறீர்கள்.

65ஆம் பக்கம் இன்னும் மோசம். வலையமைப்பு பிழை விடும்போது, அந்தப் பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கி அனுப்பி, ஒவ்வோர் இணைப்பின் பலத்தையும் சற்றே மாற்றிக் கற்கிறது என்று விளக்கிவிட்டு, "மூளையும் இவ்வாறே கற்கிறது" என்று முடிக்கிறீர்கள். உங்கள் கையேட்டின் 58ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் நரம்பிணைப்பினூடாகக் கணத்தாக்கம், அதாவது நரம்புச் செய்தி, ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஏழு பக்கம் தள்ளி அதே மூளையில் பிழைச் செய்தி வந்த வழியே திரும்பிப் போகிறது. எது சரி என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். இதே எதிர்ப்பைத்தான் 1989இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார், டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைக் கண்ட அதே கிரிக். இந்தக் கற்றல் முறை உண்மையான மூளையில் நடக்க வேண்டுமானால் செய்தி நரம்பிழை வழியே விரைவாகப் பின்னோக்கி ஓட வேண்டும், அப்படி நடப்பதாகத் தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு, வேறு வழியால் மூளை இதற்கு நிகரான ஒன்றைச் செய்யக்கூடுமா என்று பலர் தேடி வருகிறார்கள். கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. திறந்த கேள்வியை முடிந்த முடிவாக எழுதியதுதான் பிழை.

இவ்வளவும் சொன்ன நானே ஏன் இந்தப் பக்கங்கள் வேண்டும் என்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. சில கிழமைகளில் பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது. வாசிப்பு மட்டும் வேறு மாதிரியாகத் திரும்பியது. பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னபடி நான் பழைய கலண்டர் மட்டைகளை வெட்டிச் சொல் அட்டைகள் செய்தேன். கறுப்பு மார்க்கரால் ஓர் அட்டையில் ஒரு சொல். பின்னேரத்தில் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். "தோசை" என்று எழுதிய அட்டையைப் பார்த்து அம்மா "இட்டலி" என்பார். "கடல்" என்ற அட்டையைப் பார்த்து "கடை" என்பார். "மாடு" என்றால் "ஆடு". ஒவ்வொரு நாளும் இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

எனக்குப் பிடிபடாதது இதுதான். கடலைக் கடை என்பது கண் வழிப் பிழை, எழுத்து ஒத்திருக்கிறது. தோசையை இட்டலி என்பது பொருள் வழிப் பிழை. எழுத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லை. அப்படியானால் அம்மாவின் மூளையில் எழுத்தை அறியும் இடமும் பொருளை அறியும் இடமும் இரண்டுமே பழுதா? ஒரே அடைப்பு எப்படி இரண்டு இடத்தைத் தாக்கியது? மாட்டை ஆடு என்பது எந்தக் கணக்கில் சேரும், எழுத்தும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறதே?

விடையை நான் கண்டது செயற்கை நரம்பு வலையமைப்பு பற்றிய ஓர் ஆய்வில். 1991இல் ஜெஃப்ரி ஹின்டனும் டிம் ஷாலிஸும் செய்தது. ஹின்டன் 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசை ஜோன் ஹொப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டவர். ஷாலிஸ் மூளைப் பாதிப்புள்ளவர்களை ஆராய்ந்த உளவியலாளர். நாற்பது சொற்களை மட்டும் வாசித்து, எழுத்திலிருந்து பொருளுக்குப் போகக் கற்ற ஒரு சிறிய வலையமைப்பைக் கட்டினார்கள். அது நன்றாகக் கற்ற பிறகு, வேண்டுமென்றே அதன் இணைப்புகளை அங்கங்கே வெட்டினார்கள். வெட்டுப்பட்ட வலையமைப்பு அம்மாவைப் போலவே பிழை விட்டது. எழுத்து ஒத்த பிழை, பொருள் ஒத்த பிழை, இரண்டும் ஒத்த பிழை, எல்லாம் சேர்ந்தே வந்தன. எழுத்துக்குப் பக்கத்தில் வெட்டினாலும் பொருள் பிழை வந்தது. பொருளுக்குப் பக்கத்தில் வெட்டினாலும் எழுத்துப் பிழை வந்தது. இரண்டு இடம் பழுதாக வேண்டிய தேவையே இல்லை.

ஏன் அப்படி என்பதை நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன். மழைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நிறையப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். மேட்டில் எங்கே தண்ணீர் ஊற்றினாலும் அது பக்கத்துப் பள்ளம் ஒன்றுக்குள் போய்ச் சேரும். ஒவ்வொரு சொல்லின் பொருளும் அந்த வலையமைப்பில் ஒரு பள்ளம். எழுத்து, எந்த மேட்டில் தண்ணீர் விழ வேண்டும் என்று சொல்கிறது. வெட்டியதும் பள்ளங்களின் வரம்பு நகர்கிறது. தோசைக்கான தண்ணீர் பக்கத்திலிருக்கும் இட்டலிப் பள்ளத்துக்குள் வழிகிறது. பொருள் பள்ளங்கள் பழுதுபட்டால், எழுத்தால் பக்கத்துப் பக்கத்து மேட்டில் விழுந்த கடலும் கடையும் ஒரே பள்ளத்துக்குள் போகின்றன. அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு இதை வாசித்த இரவு நான் அழுதேன். அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, அவருக்குள் சொற்களின் அயலவர்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள், வரம்பு மட்டும்தான் உடைந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதன் தொடர்ச்சி இன்னும் முக்கியம். 1996இல் டேவிட் ப்ளவுட், இப்படிப் பழுதான வலையமைப்புக்கு மறுபடி பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஒரு வகையின் வழக்கமான உறுப்புகளைச் சொல்லிக்கொடுப்பதைவிட, வழக்கத்துக்கு விலகிய உறுப்புகளைச் சொல்லிக்கொடுத்தபோது பயிற்சி கொடுக்காத சொற்களும் கூடத் தேறின. பறவை என்றால் காகத்தையும் மைனாவையும் விடத் தீக்கோழியையும் பென்குயினையும் கற்பிப்பது. யாரும் எதிர்பார்த்திராத விளைவு. பிறகு 2003இல் ஸ்வாதி கிரணும் சிந்தியா தொம்சனும் பேச்சிழப்பு உள்ள நோயாளர் சிலரிடம் இதைச் சோதித்தபோது, விலகிய உறுப்புகளில் பயிற்சி பெற்றவர்களுக்கு வழக்கமான சொற்களும் சேர்ந்து திரும்பின. எல்லா நோயாளருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மாதிரி, மூளையைப் பற்றி ஒருவரும் கேட்டிராத கேள்வியைக் கேட்க வைத்து, சிகிச்சை அறைவரை வந்தது. நானோ அம்மாவுக்குக் காகம், கிளி, கோழி என்று மாதக்கணக்கில் சுலபமானவற்றையே காட்டிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தமிழில் ஓரிடத்திலாவது வாசிக்கக் கிடைத்திருந்தால்! உயிரியல் ஆசிரியையான எனக்கே கிடைக்கவில்லை.

அதே அம்மாதான் இந்த மாதிரியின் எல்லையையும் எனக்குக் காட்டினார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாத நாட்களில், வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் தேவாரத்தை நான் தொடங்கிவைத்தால், சொல் பிசகாமல் முழுதாகப் பாடி முடிப்பார். பாடி முடித்த மறு நிமிடம் என் பெயர் வராது. பேச்சிழந்த பலரிடம் இதைக் காணலாம் என்று சிகிச்சையாளர் சொன்னார். நாற்பது சொல் வலையமைப்பில் பாட்டு இல்லை. விளக்கு இல்லை, மகள் இல்லை. அது எழுத்திலிருந்து பொருளுக்குப் போகும் ஒரு பாதையின் மாதிரி. அந்தப் பாதையில் என்ன நடக்கும் என்று கேட்டால் பதில் சொல்லும். வேறு எதைக் கேட்டாலும் சொல்லாது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த இரண்டு பக்கங்களின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

பார்வை விஷயத்திலும் இதே கதைதான். டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில், குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் துலங்கும் கலங்களைக் கண்டார்கள். 1981இல் நோபல் பரிசு. பரிசுக்கு முன்பே, அந்தக் கண்டுபிடிப்பைப் பார்த்துக் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் அடுக்கடுக்கான ஒரு வலையமைப்பை வடிவமைத்தார். அந்த வழியில் வளர்ந்த ஒன்றுதான் 2012இல் ஆயிரம் வகைப் பொருட்களை இனங்காணும் போட்டியில் மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளியது. 2014இல் டானியல் யாமின்ஸ், ஜேம்ஸ் டிகார்லோ ஆகியோரின் குழு, பொருட்களை இனங்காணப் பழகிய வலையமைப்பின் மேலடுக்குகளைக் கொண்டு, குரங்கின் மூளையில் பொருட்களை இனங்காணும் பகுதியிலுள்ள கலங்களின் துலங்கலை முன்பிருந்த மாதிரிகளைவிட நன்றாக எதிர்வுகூறியது. அந்த வலையமைப்புக்குக் குரங்கு மூளையின் தரவைக் கொடுத்துப் பழக்கவில்லை என்பதுதான் இதில் வியப்பு.

அப்புறம் அதன் மறுபக்கம். அந்த ஆயிரம் வகைகளில் பலாப்பழமும் ஒன்று. என் வகுப்புப் பிள்ளைகள் பலாப்பழத் தோலைக் கிட்டத்தில் படமெடுத்து அச்சடித்து, அதைத் தேநீர்க் கோப்பை வடிவத்தில் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கைபிடி வளையம் கூட இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் கோப்பை என்றார்கள். பொருட்களை இனங்காணும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் திறந்து காட்டினோம். பலாப்பழம் என்றது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தோம், மறுபடி பலாப்பழம். 2019இல் ரொபர்ட் கைர்ஹோஸும் கூட்டாளிகளும் யானைத் தோல் போர்த்திய பூனை உருவத்தைக் காட்டிப் பெற்ற முடிவும் இதுவே: மனிதர் உருவத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், அந்த ஆயிரம் வகைப் படங்களில் பழகிய வலையமைப்புகள் மேற்பரப்பைப் பார்த்துச் சொல்கின்றன. பிள்ளைகள் அடுத்துக் கேட்ட கேள்விகளை நான் கரும்பலகையில் எழுத இடம் போதவில்லை. கைக்குழந்தை எதைப் பார்க்கும்? கண் மங்கிய அம்மம்மா? இருட்டில்? மூளையைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்ட வகுப்பு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கேட்க வைத்தது பிழை விட்ட அந்த மாதிரி.

உங்கள் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார், அதை மறுக்கவில்லை. மூன்று காரணம் சொன்னார். பரீட்சைக்கு இது வராது என்றார். அப்படியானால் முன்னோடிப் பரீட்சையில் பத்துப் புள்ளிக்கு ஏன் கேட்டீர்கள்? மூளையைப் பற்றி விஞ்ஞானிகளுக்கே முழுதாகத் தெரியாதபோது மாதிரியைப் பற்றிப் பேசுவது அவசரம் என்றார். தெரியாத இடத்தில்தானே மாதிரி தேவைப்படுகிறது. உங்கள் கையேட்டின் 55ஆம் பக்கத்தில், நரம்புச் செய்தி செல்லும்போது கலத்தில் ஏற்படும் மின்மாற்றமான தாக்க அழுத்தத்தின் வரைபை வரைந்திருக்கிறீர்கள். அதைச் சமன்பாடுகளில் பிடித்து 1952இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் தந்தது ஒரு மாதிரிதான். கணவாய்க்குரிய தடித்த நரம்பிழையில் அளந்து, மென்சவ்வில் மின்னேற்றமுள்ள துகள்களான அயன்களுக்குத் திறந்து மூடும் வழி ஏதோ இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். தனியொரு அயன் கால்வாயின் மின்னோட்டத்தை நேஹரும் சக்மனும் அளந்தது 1976இல். முழுதாகத் தெரியும்வரை பொறுத்திருந்தால் 55ஆம் பக்கமும் இருந்திராது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிகம் வலித்தது. தமிழ்மூலப் பிள்ளைகளுக்கு இது பாரம் என்றார். ஆங்கிலமூலக் கையேட்டில் அதே பக்கங்கள் அப்படியே தொடரும் என்பதையும் அவரேதான் சொன்னார். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை பிழையான பக்கத்தை வாசித்தாலும், இணையத்தில் பத்து இடத்தில் சரியானதைத் தேடி வாசித்துவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி என்னிடம் வரும் பிள்ளைக்குத் தமிழில் உங்கள் கையேட்டை விட்டால் என்ன இருக்கிறது? செயற்கை அறிவு மூளையைப் போலவே யோசிக்கும் என்று முகநூலில் ஒருவர் சொல்வார், அது வெறும் ஏமாற்று என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இடையில் நின்று விளக்கச் சொல்லி ஒரு தாளும் இல்லை. றம்புட்டான் எழுதிய பிள்ளையும் தமிழ்மூலம்தான். பாரம் தாங்காத பிள்ளை எழுதும் விடையா அது?

இன்னும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். செயற்கை வலையமைப்பு ஒன்றுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டு உடனே இன்னொன்றைக் கற்பித்தால், முதலாவது கிட்டத்தட்ட முழுதாக அழிந்துபோகலாம். 1989இல் மக்கிளோஸ்கியும் கோயனும் இதைக் காட்டினார்கள். இந்த மாதிரிகளுக்கு இது பெரிய அடி. ஆனால் மூளை ஏன் அப்படி மறப்பதில்லை என்ற கேள்வி அதிலிருந்துதான் கூர்மையானது. 1995இல் மக்கிளெலண்டும் கூட்டாளிகளும், மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் புதியதை விரைவாகப் பிடித்து வைத்து, மூளையப் புறணிக்குச் சிறுகச் சிறுகக் கற்பிக்கிறது, அதனால் பழையது அழிவதில்லை என்ற கருத்தை முன்வைத்தார்கள். மாதிரி தோற்ற இடத்திலிருந்தே மூளையைப் பற்றிய நல்ல கருத்து ஒன்று பிறந்தது. புள்ளித்திட்டத்தில் "வேற்றுமை" என்ற ஒரு வரி இருந்திருந்தால் பிள்ளைகள் இந்த இடத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். 64ஆம், 65ஆம் பக்கங்களை நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அவற்றைத் திருத்துங்கள். "நரம்புக்கலம் ஒரு சுவிட்ச்", "மூளையும் இவ்வாறே கற்கிறது" என்ற இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, எந்தக் கேள்விக்கு இந்த மாதிரி உதவியது, எந்தக் கேள்விக்கு உதவவில்லை என்று ஒவ்வோர் உதாரணமாவது சேருங்கள். 58ஆம் பக்கத்தோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமூலக் கையேட்டிலும் இதே திருத்தம் வர வேண்டும். இப்போது பிள்ளைகளின் கையிலிருக்கும் பிரதிகளுக்கு ஒரு பக்கத் திருத்தத் தாள் அச்சடித்து வகுப்புகளுக்கு அனுப்புங்கள். அதைத் தமிழில் எழுதித் தர நான் தயார். பணம் எதுவும் வேண்டாம்.

முன்னோடிப் பரீட்சையின் அந்த வினாவுக்கான புள்ளித்திட்டத்தை மாற்றி, காரணத்தோடு வேற்றுமை எழுதியவர்களுக்கும் புள்ளி வழங்குங்கள். அந்த ஒரு வினாவை மட்டும் மீளத் திருத்தினால் போதும். என்னிடம் படிப்பவர்களின் தாள்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்ட அன்றே கொண்டுவந்து தருவேன். றம்புட்டான் பற்றி எழுதிய பிள்ளைக்கு, அவளுடைய "ஆனால்" ஏன் அடிக்கப்பட்டது என்று குழுவின் பெயரில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இரண்டாம் தவணை முடியுமுன் அது அவள் கைக்குக் கிடைக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த தவணையில் அவள் இறுதிப் பரீட்சைக்கு உட்காருகிறாள்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியை ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு